லாரி ஷெட்டுக் கிணறு

கும்மிடிப்பூண்டி
11-2-1974

அன்புள்ள ரத்னா அக்காவுக்குத் தாயாரம்மாள் எழுதுவது.

நைனா ஷெட்டில் இருக்கிறார். எந்த நேரமும் வந்துவிடுவார். விளக்கைத் தவலைக்குப் பின்னால் மறைத்து வைத்து எழுதுகிறேன். எழுத்து கோணியிருந்தால் சிரிக்காதே.

இனிமேல் நீ எழுதும் கடிதத்தைப் பக்கத்து வீட்டு சுப்பம்மா பெயருக்குப் போடு. போன கடிதம் நைனா கையிலேயே கிடைத்துவிட்டது. பிரிக்காமல் அடுப்பில் போட்டார். "ஜெயராஜோட ஓடிப்போனவளுக்கு இந்த ஊட்ல இன்னா வேலை?" என்றார். நான் கேட்டதும் சுப்பம்மா சரி என்றுவிட்டாள். "போஸ்ட்மேன் என் பேரைச் சொல்லிக் கூப்ட்டா எனக்குந்தான் ஒரு கெத்து. தெனம் ஒண்ணு போடச் சொல்லு உங்க அக்காவ" என்றாள். அவளுக்குப் படிக்கத் தெரியாது. அவள் புருஷன் சின்னதுரை லாரி ஓட்டுகிறான். அவன் போகிற வேகத்துக்கு அவனை எல்லாரும் 'சோழவரம் ரேஸ்' என்றுதான் கூப்பிடுவார்கள்.

நீ இந்த இடத்தைப் பார்த்ததில்லை. அம்மா போன பிறகு நைனா பழவேற்காட்டில் இருக்க மாட்டேன் என்று வலையை விற்றுவிட்டு இந்த லாரிக் கம்பெனிக்கு வந்தார். பெரிய ரோட்டின் ஓரம் ஷெட். ஷெட்டின் முன்னால் மண்ணுக்குள் டீசல் டாங்கி, மேலே கைப்பம்பு. நைனாதான் பம்புக்காரர். ஷெட்டுக்குப் பின்னால் லைன் வீடுகள். எல்லா வீட்டுக்கும் ஒரே கிணறு.

அந்தக் கிணற்றில் பொங்கலிலிருந்து டீசல் வாடை வருகிறது. வாளியை இறக்கினால் தண்ணீர்மேல் மயில் கழுத்து நிறத்தில் படலம் விலகுகிறது. சோறு நாறுகிறது. துணி நாறுகிறது. பள்ளிக்கூடத்தில் என் பக்கத்தில் உட்கார மாட்டேன் என்கிறார்கள். சின்னதுரை மட்டும், "நமக்கெல்லாம் இன்னா, ஒரு தட்டு தட்டி ஸ்டார்ட் பண்ணா நாயுடுபேட்டை வரைக்கும் ஓடுவோம்" என்று சிரிக்கிறான். சுப்பம்மாவின் கைக்குழந்தைக்குப் புட்டிப்பால். அந்தத் தண்ணீரில்தான் மாவு கலக்குகிறாள். குழந்தைக்கு வயிறு சரியில்லை. வேறு தண்ணீர் ஸ்டேஷனுக்கு அந்தப் பக்கம்தான், அதுவும் உப்பு.

எனக்குப் பயமாக இருக்கிறது. ஏன் என்று நீ பதில் போட்டால்தான் எழுதுவேன்.

தாயாரு


கடம்பத்தூர்
18-2-74

தாயாரு,

அடுப்பில் போட்டாரா? போடட்டும். அம்மா செத்ததற்கு ஓடி வந்தவளைத் தெருமுனையிலேயே நிறுத்தினவர், காகிதத்தையா விட்டு வைப்பார்? அம்மா முகத்தை நான் பார்க்கவில்லை என்பது அவருக்கு நினைவிருக்கிறதா என்று ஒருநாள் கேள். வேண்டாம், கேட்காதே. அடி உனக்குத்தான் விழும்.

இவருக்கு ரயில்வேயில் கேங் வேலை. தண்டவாளத்தில் வெயிலில் நிற்கிறார். மற்றபடி நல்ல மனுஷன். சர்ச்சுக்கு வா என்று என்னை ஒருநாளும் இழுத்ததில்லை. இதை நான் யாரிடம் சொல்ல? உன்னிடம் சொல்கிறேன்.

டீசல் வாடை வந்தால் டாங்கியைத் தோண்டிப் பார்க்கச் சொல்ல வேண்டியதுதானே. நைனாவுக்கு இது தெரியாதா? நீ என்ன பயப்படுகிறாய்? ராத்திரியில் உட்கார்ந்து கண்ணைக் கெடுத்துக்கொள்கிறவள் பாதியை எழுதி பாதியை விழுங்காதே. நான் யாரிடமும் சொல்ல மாட்டேன். அம்மா மேல் ஆணை.

ரத்னா


கும்மிடிப்பூண்டி
26-2-74

அக்காவுக்கு,

படித்ததும் கிழித்துவிடு.

தினம் காலையில் நைனா டாங்கிக்குள் அளவுக்கோலை விடுவார். கோல் எதுவரை நனைந்திருக்கிறதோ அதை மேனேஜரிடம் சொல்ல வேண்டும். முந்தின நாள் லாரிகளுக்கு ஊற்றினது போக மிச்சம் சரியாக இருக்க வேண்டும். டீசல் விலை ஏறினதிலிருந்து முதலாளிக்குச் சந்தேகம் அதிகம். நைனாவுக்கு முன்னால் தானியேல் என்று ஒருவர் பம்புக்காரராக இருந்தார். ஒருநாள் கோலில் குறைந்தது. திருடி விற்றான் என்று போலீசில் பிடித்துக் கொடுத்தார்கள். நான் எடுக்கவில்லை, டாங்கியைப் பாருங்கள் என்று அவர் கத்தினாராம். யாரும் பார்க்கவில்லை. போலீஸ் அடித்த அடியில் இப்போது கடைத்தெருவில் காலை இழுத்துக்கொண்டு நடக்கிறார்.

கார்த்திகை மாதத்தில் நைனாவுக்கும் கோலில் குறைந்தது. அன்று அவர் சோறு தின்னவில்லை. விடியுமுன் என்னை எழுப்பினார். கிணற்றில் சேந்தி, அவர் இரண்டு குடமும் நான் ஒரு குடமும் தூக்கிக்கொண்டு போய் டாங்கிக்குள் ஊற்றினோம்.

தண்ணீர் கனம், அடியில் போய் உட்கார்ந்துவிடும். டீசல் மேலே மிதக்கும். கோலில் ஈரம் பழைய இடத்துக்கு ஏறிவிடும். பம்பு உறிஞ்சும் குழாய் அடியைத் தொடாமல் உயரத்தில் நிற்பதால் லாரிக்குள் தண்ணீர் போகாது. ஏரியில் படகு ஓட்டினவருக்கு இதை யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை.

ஒருநாளோடு நிற்கவில்லை, அக்கா. குறைந்த நாளெல்லாம் ஊற்றுகிறோம்.

"முதலாளியாண்ட சொல்லிடலாம் நைனா" என்றேன்.

"தானியேலு சொன்னான். எப்படி நடக்கிறான் பாத்தியா? பேசாம தூக்கு."

"கெணத்துல டீசல் வர்தே நைனா."

"அதான் தூக்குன்றேன். எனுக்கு எதுனா ஆச்சின்னா உன்ன யாருடி பாப்பாங்க?"

நான் சொன்னால் நைனாவைக் கொண்டுபோய்விடுவார்கள். சொல்லாவிட்டால் லைன் முழுக்க அந்தத் தண்ணீரைக் குடிக்கிறது. மெக்கானிக் கலியன் எல்லாரிடமும் கைநாட்டு வாங்கி கலெக்டருக்கு மனுப் போட்டிருக்கிறார். மெட்ராஸிலிருந்து ஆபீசர் வரப்போகிறாராம். அவர் கேட்டால் நான் என்ன செய்வது?

தாயாரு


கடம்பத்தூர்
5-3-74

தாயாரு,

உன் கடிதத்தை அடுப்பில்தான் போட்டேன். நானும் அவர் பெண்தானே.

நீ ஒன்றும் சொல்லாதே. எனக்கு அவர்மேல் இருக்கிற கோபம் இந்த ஊர் ஏரி கொள்ளாது, ஆனாலும் அவரைப் போலீஸ்காரன் தொடுவதை என்னால் நினைத்துப் பார்க்க முடியவில்லை. நான் ஒருமுறை அவரை ஊர்நடுவில் தலைகுனிய வைத்துவிட்டேன். இன்னொரு பெண்ணும் வைக்க வேண்டாம்.

ஆபீசர் வந்தால் அவரே கண்டுபிடிக்கட்டும். படித்தவர்களுக்குத் தெரியாததா? நீ அந்தத் தண்ணீரைக் குடிக்காதே. ஸ்டேஷனுக்குப் போய்க் கொண்டு வா. சுப்பம்மாவிடமும் சொல்லு, குழந்தைக்கு அதைக் கொடுக்க வேண்டாமென்று. காரணம் சொல்லாமல் சொல்லு.

ரத்னா


கும்மிடிப்பூண்டி
23-3-74

அக்காவுக்கு,

ஆபீசர் வந்தார். பெயர் யதிராஜன். திருவள்ளூர்க்காரர், வீரராகவர் கோயில் பக்கம் வீடு. நெற்றியில் நாமம், கையில் ஆள் உயரத்துக்கு ஒரு இரும்புத் திருகு. அதை மண்ணில் நட்டுக் கைப்பிடியைத் திருகித் திருகி இறக்கினார். வெளியே இழுத்தால் திருகின் பள்ளத்தில் மண் ஒட்டிக்கொண்டு வருகிறது. அதை மோந்து பார்த்து, கண்ணாடிப் புட்டியில் போட்டு மூடி, சீட்டு ஒட்டினார். ரோட்டுப் பக்கம், ஷெட்டுக்குள், லைனில், கிணற்றைச் சுற்றி என்று பல இடத்தில் செய்தார். லைனே கூடி நின்றது.

"இன்னா சாமி, மண்ண மோந்து பாக்கவா கவர்மெண்டு சம்பளம் குடுக்குது?" என்று சுப்பம்மா கேட்டாள்.

"ஆமாம்மா. ஆத்துல ரசத்தை மோந்து பார்த்தா திட்டு. இங்கே சம்பளம்" என்றார். எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். அதற்கப்புறம் சிரிக்கவில்லை.

அவர் நைனாவிடம் வந்தார். "டாங்கியிலே அளவு குறையறதா?"

"இல்ல சார். ஒரு கோடுகூட குறையல."

"நன்னா யோசிச்சு சொல்லுங்கோ. கணக்கிலே குறையலேன்னா டாங்கி ஒழுகலேன்னு அர்த்தம். அப்புறம் நான் வேற இடத்திலேதான் தேடணும்."

"குறையல சார்."

நைனா தரையைப் பார்த்துச் சொன்னார். நான் பம்புக்குப் பின்னால் நின்றிருந்தேன். நீ சொன்னபடிதான் நின்றேன், அக்கா.

வேறு இடம் என்றால் கலியன் இடம்தான். அவர் எஞ்சின் சாமான்களை டீசலில் கழுவிக் கீழே ஊற்றுகிற மூலையில் மண் கறுப்பாக இருந்தது. இன்னும் பார்க்க வேண்டும், புட்டிகளைப் பரிசோதித்துவிட்டு மறுபடியும் வருவேன் என்றுதான் யதிராஜன் சொன்னார். மேனேஜர் அதுவரை காத்திருக்கவில்லை. மறுநாளே கலியனை வேலையைவிட்டு நிறுத்தி வீட்டையும் காலி செய்யச் சொல்லிவிட்டார். மனுப் போட்டவரே கிணற்றைக் கெடுத்தார் என்று ஆகிவிட்டது. கலியன் கைவண்டியில் சாமான் ஏற்றும்போது நைனா போய் ஒரு பக்கம் கைகொடுத்துத் தூக்கினார். "நீயாச்சும் வந்தியே முனிகிருஷ்ணா" என்றார் கலியன். நைனா வீட்டுக்குள் வந்து சுவரைப் பார்த்துப் படுத்துக்கொண்டார்.

சுப்பம்மாவிடம் காரணம் சொல்லாமல் சொன்னேன். "ஸ்டேஷன் தண்ணியில பால் திரியுதுடி" என்றாள். குழந்தையைப் பொன்னேரி ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு போயிருக்கிறார்கள்.

தாயாரு


கும்மிடிப்பூண்டி
3-4-74

அக்கா,

குழந்தை செத்துப்போய்விட்டது. அவன் பெயர் மணவாளன். அவ்வளவு சின்னக் குழந்தைக்கு அவ்வளவு பெரிய பெயரா என்று நான் கேலி செய்வேன். பேதி என்று டாக்டர் சொன்னாராம். தண்ணீராலா என்று சின்னதுரை கேட்டதற்கு, அப்படியும் இருக்கலாம், இல்லாமலும் இருக்கலாம் என்றாராம்.

நைனா போய் ஏரிக்கரையில் குழி வெட்டிக் கொடுத்துவிட்டு வந்தார்.

இன்று விடியற்காலையிலும் ஊற்றினோம், அக்கா.

தாயாரு


கடம்பத்தூர்
9-4-74

தாயாரு,

முன்பு நான் எழுதினதை மறந்துவிடு. அது தப்பு. தலைகுனிவதைப் பற்றி எழுதினேன், குழந்தையைப் பற்றி யோசிக்கவில்லை.

சொல்லிவிடு. உன்னால் முடியாவிட்டால் எழுது. திருவள்ளூர் எனக்குப் பக்கம்தான். அந்த யதிராஜன் வீட்டு வாசலில் போய் நின்று நான் சொல்கிறேன். உன்னைக் கேட்காமல் போக மாட்டேன்.

ரத்னா


கும்மிடிப்பூண்டி
21-4-74

அக்காவுக்கு,

நானே சொன்னேன்.

வியாழக்கிழமை யதிராஜன் மறுபடி வந்தார். கலியன் மூலையிலிருந்து எடுத்த மண்ணில் எண்ணெய் மேலோடு நின்றுவிடுகிறதாம், ஆழத்தில் இல்லையாம். கிணற்றுக்கும் டாங்கிக்கும் நடுவில்தான் ஆழத்தில் இருக்கிறதாம். "ஆனா கணக்கு குறையலேங்கறா. அது எப்படின்னுதான் புரியலே" என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டு டாங்கிப் பக்கத்தில் குந்தினார். மேனேஜர் இருந்தார், நைனா இருந்தார், லைனில் பாதி இருந்தது. சுப்பம்மாவும் வாசலில் தலையை விரித்துப் போட்டு உட்கார்ந்திருந்தாள்.

"குறையுது சார். தண்ணி ஊத்துறோம்" என்றேன்.

என் குரல் எனக்கே கேட்கவில்லை. அவர் மறுபடி கேட்டார். மறுபடி சொன்னேன்.

நைனா என்னை அடிப்பார் என்று நினைத்தேன். அவர் கிட்ட வந்து என்னைத் தன் முதுகுக்குப் பின்னால் தள்ளிக்கொண்டார். "நான்தான் ஊத்துனேன் சார். தனியாத்தான் ஊத்துனேன். இவ சின்னப் பொண்ணு, தூங்கிக்கினு இருந்தா. இவளுக்கு ஒண்ணும் தெரியாது" என்றார். நான் வாயைத் திறந்தேன். கையைப் பின்னால் கொண்டுவந்து என் மணிக்கட்டைப் பிடித்து நெரித்தார்.

யதிராஜன் எழுந்து நின்றார். பிறகு மெதுவாகச் சொன்னார். இரும்புத் தகடுகளை ஒட்டின இடத்தில், டாங்கியின் பாதி உயரத்தில் ஓட்டை இருக்க வேண்டுமாம். டீசல் பாதிக்குக் கீழே இறங்கினால் தானாகவே ஒழுகல் நின்றுவிடும். "தண்ணியை ஊத்தினதாலே டீசல் எப்பவும் ஓட்டைக்கு மேலேயே நின்னுது. நீங்க ஊத்தின ஒவ்வொரு குடத்துக்கும் அவ்வளவு டீசல் மண்ணுக்குள்ளே போயிருக்கும்" என்றார். திட்டுகிற குரல் இல்லை. திட்டியிருக்கலாம்.

நைனா அப்படியே உட்கார்ந்துவிட்டார்.

டீசலைத் திருடி விற்றுவிட்டுத் தண்ணீர் ஊற்றினான் என்று முதலாளி புகார் கொடுத்தார். சாயங்காலம் போலீஸ் வந்தது. போகும்போது நைனா என்னைப் பார்க்கவில்லை.

கிணற்றில் முள்ளை வெட்டிப் போட்டிருக்கிறார்கள். எனக்குச் சுப்பம்மாதான் சோறு போடுகிறாள். யார் கேட்டாலும், "உங்கப்பன் செஞ்சதுக்கு நீ இன்னா பண்ணுவ, நீதான் தூங்கிக்கினு இருந்தியாமே" என்று அவர்கள் எதிரிலேயே என்னிடம் சொல்கிறாள்.

தாயாரு


கடம்பத்தூர்
10-6-74

தாயாரு,

ரயில் ஸ்டிரைக்கில் இவரைப் பிடித்துக்கொண்டு போனார்கள். ஸ்டிரைக் முடிந்துதான் விட்டார்கள். வண்டியும் இல்லை, தபாலும் இல்லை. உனக்கு நான் இல்லாமல் போனேன். அதற்குக் கோபப்படு, சரிதான்.

நான் திருவள்ளூர் போய் யதிராஜன் சாரைப் பார்த்தேன். அவர் பொன்னேரியில் போலீசிடம் போய் நைனாவுக்காகப் பேசியிருக்கிறார். விற்ற டீசல் மண்ணுக்குள் எப்படி வரும், டாங்கியைத் தோண்டுங்கள் என்று கேட்டாராம். தோண்டினால் அவர் சொன்ன உயரத்திலேயே ஓட்டை இருந்ததாம். டாங்கி கதை கோர்ட்டில் வந்தால் வம்பு என்று முதலாளி புகாரைத் திரும்ப வாங்கிக்கொண்டார். கலியனுக்கு வேலை கொடுக்கிறேன் என்று ஆள் அனுப்பினாராம். கலியன் வர மாட்டேன் என்றாராம்.

நைனாவை விட்டுவிட்டார்கள். அவர் உன்னிடம் வரவில்லை, தாயாரு. இங்கே வந்தார்.

பொழுது சாயும் நேரம். வாசல் வெளியே நின்றார். என்னைக் கூப்பிடவில்லை. இவர்தான் பார்த்து, "மாமா, உள்ள வாங்க" என்றார். மூன்று வருஷத்துக்குப் பிறகு முதல் தடவையாக என் வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்தார். அம்மாவைப் பற்றிக் கேட்க எவ்வளவோ சேர்த்து வைத்திருந்தேன். அவர் உட்கார்ந்திருந்த விதத்தைப் பார்த்து ஒன்றும் கேட்கவில்லை.

உன்னைக் கூட்டி வரட்டுமா என்றேன். அவர் சொன்னதை அப்படியே எழுதுகிறேன்: "வேணாம். என்னப் பாத்தா அவளுக்குக் குடம் தூக்குனது ஞாபகம் வரும். அந்தப் புள்ள செத்ததுல அவளுக்குப் பங்கு இல்லாம இருக்கட்டும். நான் சொன்னது சொன்னதாவே இருக்கட்டும்."

அவருக்கு உன்மேல் கோபம் இல்லை. அதுதான் எனக்குத் தாங்கவில்லை. நீ அங்கே சுப்பம்மாவோடு இருந்து படிப்பை முடி. நான் பணம் அனுப்புகிறேன்.

ரத்னா


கும்மிடிப்பூண்டி
15-6-74

அன்புள்ள அக்காவுக்கு,

உன் கடிதத்தை வாங்கி வைத்திருந்த சுப்பம்மா இந்த முறை, "என் பேருக்குத்தான வந்துக்கிது, ஒருவாட்டி எனுக்கும் படிச்சுக் காட்டேன். உங்க நைனா எப்படிக்கிறாரு?" என்றாள். நைனா மேல் அவளுக்கு எவ்வளவு ஆத்திரம் இருந்தும் கேட்டாள்.

படித்தேன். ஸ்டிரைக், டாங்கி, நைனா உன் வாசலில் நின்றது எல்லாம் படித்தேன். பிறகு நைனா சொன்ன இடம் வந்தது. அந்த இரண்டு வரியைத் தாண்டிவிட்டு அடுத்ததைப் படித்திருக்கலாம். அவளுக்குத் தெரிந்திருக்காது. அவள் முறத்தில் அரிசியை வைத்துக்கொண்டு கல் பொறுக்காமல் என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

அப்படியே படித்தேன்.

சுப்பம்மா முறத்தைக் கீழே வைத்தாள். "தெரியும்டி" என்றாள். "கொயந்தைக்குப் பால் கலக்க விடியக்காலம் ஏந்துப்பேன். உன் பாவாடை நனைஞ்சிக்கினு இருக்கும். எதுக்குன்னு அப்போ தெரியல. உங்க நைனா எல்லாரு எதிர்லயும் சொன்னான் பாரு, தூங்கிக்கினு இருந்தான்னு. அப்பவே தெரிஞ்சிபோச்சு."

"தெரிஞ்சும் எனக்குச் சோறு போட்டியே."

"தெரியாத மாதிரி இருந்தா போட முடிஞ்சுது. உங்கப்பன் அதுக்குத்தான அந்தப் பொய்யச் சொன்னான். நீ வாயால படிச்சிட்ட. இனிமே எப்படிடீ போடுவேன்?"

அவள் கத்தவில்லை. கத்தியிருந்தால் காலில் விழுந்திருப்பேன். என் தட்டைக் கழுவித் துடைத்து என் கையில் கொடுத்தாள். உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள்.

இனிமேல் அவள் பெயருக்கு எழுதாதே.

அடுத்த வார ஞாயிற்றுக்கிழமை பாசஞ்சரில் வருகிறேன். நைனா வேண்டாம் என்றாலும் வருவேன். அவரைப் பார்த்தால் எனக்குக் குடம் ஞாபகம் வரும்தான். அவரைப் பார்க்காவிட்டாலும் வருகிறது.

இதை அவருக்குப் படித்துக் காட்டு. ஒரு வரியும் விடாமல் படி.

தாயாரம்மாள்